உறங்கிக் கிடந்த சட்டம்

சீனத்தின் மூன்று அரசுகள் காலக் கதையை நூலாகவோ திரைப்படமாகவோ, இளையவர்களானால் கணினி விளையாட்டாகவோ அறிந்திருப்பவர்களுக்கு லியூ பெய் என்ற பெயர் புதிதன்று. கி.பி. 221இல் தம்மைப் பேரரசராகப் பிரகடனம் செய்துகொண்டவர் அவர். சிறுவயதில் தந்தையை இழந்து, தாயுடன் சேர்ந்து செருப்பு விற்றும் பாய் பின்னியும் வயிறு வளர்த்தவரும் அவரே. அதே வேளை, ஹான் அரச வம்சத்தின் வழித்தோன்றல் என்றும் அவர் உரிமை கோரினார். பாய் பின்னிய ஒருவர் எவ்வாறு அரசரானார் என்பதையே கதைகள் விரித்துச் சொல்லும். அரச குலத்துப் பிள்ளை ஒருவர் எவ்வாறு பாய் பின்னும் நிலைக்கு வந்தார் என்பதே என்னை நெடுநாள் ஈர்த்த கேள்வி.

விடையை வரலாற்றாசிரியர் சென் ஷோவ் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். லியூ பெய்யின் முன்னோரான லியூ ஜென் ஒரு கோமானாக இருந்தார். காணிக்கைப் பொன் தொடர்பான குற்றத்துக்காகப் பட்டத்தை இழந்தார். குடும்பம் அந்த ஊரிலேயே தங்கிவிட்டது. அவ்வளவுதான். அந்த வம்சாவளி மெய்யா புனைவா என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. எவரும் நம்பக்கூடிய வீழ்ச்சியாக அது இருந்தது என்பதே இங்கு முக்கியம். ஏனெனில், அதே குற்றத்துக்காக கி.மு. 112ஆம் ஆண்டில் ஒரே தடவையில் 106 கோமான்கள் பட்டத்தையும் சீமையையும் இழந்திருந்தார்கள்.

அந்தச் சட்டம் பார்வைக்கு மிகச் சாதுவானது. ஜோவ் என்பது பல தடவை புளிக்கவைத்து வடித்த ஒருவகை மது. வம்சத்தை நிறுவிய லியூ பாங்கின் கோயிலில் ஆண்டுதோறும் அது படைக்கப்படும். வைபவத்துக்கு நாடெங்கிலுமுள்ள சிற்றரசர்களும் கோமான்களும் பொன் கொண்டுவர வேண்டும். தத்தம் சீமையின் குடிகளில் ஆயிரம் பேருக்கு நான்கு லியாங் என்பது கணக்கு. இன்றைய நிறையில் அறுபது கிராமுக்குச் சற்று மேல். எங்கள் வழக்கில் சொன்னால் ஏறக்குறைய எட்டுப் பவுன். பொன் நிறை குறைந்தாலோ நிறம் மங்கினாலோ சிற்றரசர் தம் நாட்டின் ஒரு மாவட்டத்தை இழப்பார். கோமானோ சீமை முழுவதையும் இழப்பார். வென் பேரரசரின் காலத்தில் (கி.மு. 180–157) சேர்க்கப்பட்டதாகச் சொல்லப்படும் இச்சட்டத்தில் மறைபொருள் எதுவும் இல்லை. அளவு தெரியும், நாள் தெரியும், தண்டனையும் தெரியும்.

அப்படியானால் 106 பேர் எப்படி ஒரே நாளில் தவறினார்கள்? அத்தனை பேரும் ஒன்றுகூடி மட்டப் பொன்னைக் கொண்டுவரத் தீர்மானித்தார்களா? அல்லது அன்றைக்கு மட்டும் பொன் சரியாக நிறுக்கப்பட்டதா?

இக்கேள்விக்கு வருமுன் இந்தக் கோமான்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 221இல் சின் அரசர் ஏனைய நாடுகளை வென்று சீனத்தை ஒன்றாக்கியபோது, தொலைப் பிரதேசங்களை ஆள அரச புத்திரர்களை அனுப்பலாம் என்று முதலமைச்சர் வாங் வான் ஆலோசனை சொன்னார். லீ சி அதை மறுத்தார். முன்னைய ஜோவ் வம்சமும் உறவினர்களுக்கே நாடுகளைப் பகிர்ந்தது என்றும், தலைமுறைகள் செல்ல அவர்கள் பகைவர்களைப் போல் ஒருவரையொருவர் தாக்கினார்கள் என்றும் அவர் வாதிட்டார். (இந்த ஜோவ் வேறு, மது வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் வருவது நமது துரதிர்ஷ்டம்.) லீ சியின் பக்கமே வென்றது. நாடு 36 மாவட்டங்களாக வகுக்கப்பட்டு, அரச ஊதியம் பெறும் அதிகாரிகளால் ஆளப்பட்டது. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த வம்சமே கவிழ்ந்தது. பின்னர் வந்த லியூ பாங் அதிலிருந்து எதிர்ப்பாடத்தைக் கற்றார். காக்க உறவினர் இல்லாதபடியால்தான் சின் வீழ்ந்தது என்று எண்ணிய அவர், போரில் துணை நின்றவர்களில் சிலரை வாங் என்னும் சிற்றரசர்களாக்கினார். பின்பு ஹான் சின், பெங் யுவே போன்ற அவர்களை ஒவ்வொருவராகத் தொலைத்துவிட்டு, அவ்விடங்களில் தம் பிள்ளைகளையும் உறவினர்களையும் இருத்தினார். லியூ குலத்தவர் அல்லாதார் அரசராகக் கூடாது, போர்ச்சேவை செய்யாதார் கோமானாகக் கூடாது என்று வெள்ளைக் குதிரையைப் பலியிட்டுச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். சீனப் பிரபுத்துவச் சட்டங்களின் வேர் அந்தக் குதிரை இரத்தத்தில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

கோமான்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. 1983–84இல் ஹூபே மாகாணத்தின் ஜாங்ஜியாஷான் என்னுமிடத்தில் ஒரு கல்லறையிலிருந்து மூங்கிற் சுவடிகள் எடுக்கப்பட்டன. கி.மு. 186ஐ ஒட்டிய ஹான் சட்டங்கள் அவற்றில் இருந்தன. சாதாரண குடியானவருக்கு ஒரு சிங் நிலம் என்று வகுக்கும் அதே ஏடு, கோமானுக்கு அடுத்த படியில் நிற்கும் பிரபுவுக்கு 95 சிங் என்கிறது. கோமானுக்கோ ஒரு சீமையின் குடிவரியே வருமானம். மற்றப் படிநிலையினரில் பெரும்பாலோரின் வாரிசு தந்தையிலும் தாழ்ந்த படிக்கே வருவார். கோமானின் வாரிசோ குறைவின்றிக் கோமானாவார். ஜியாங்டு நாட்டு அரசர் லியூ ஜியென், ஆட்கள் இருந்த படகைக் கவிழ்த்து அவர்கள் மூழ்குவதைப் பார்த்துச் சிரித்தவர் என்று ஹான் வரலாறு பதிந்திருக்கிறது. இத்தகையோரைச் சட்டம் வீழ்த்தியது என்றால் நல்லதுதானே என்று முதலில் நானும் நினைத்தேன்.

சிற்றரசர்களை அடக்குவது வம்சத்துக்கு உண்மையான நெருக்கடியாகவும் இருந்தது. தென்கிழக்கில் வூ நாட்டு அரசர் லியூ பி செம்பு வெட்டி நாணயம் அடித்தார், உப்புக் காய்ச்சினார், குடிகளிடம் வரி கேளாமல் ஆண்டார். அவருடைய மகன் தலைநகரில் பட்டத்து இளவரசருடன் சூதுப் பலகை ஆடியபோது வாய்த்தர்க்கம் மூண்டு, இளவரசர் பலகையாலேயே அடித்துக் கொன்றுவிட்டார். அந்த இளவரசரே பின்னர் ஜிங் பேரரசர். சிற்றரசர்களின் நிலத்தை வெட்டிக் குறைக்க வேண்டும் என்று சாவோ சுவோ என்ற அமைச்சர் வற்புறுத்த, கி.மு. 154இல் ஏழு நாடுகள் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சியைத் தணிக்கலாம் என்ற நப்பாசையில் பேரரசர் சாவோ சுவோவை அரசவை உடையுடனேயே சந்தைத் திடலுக்கு அனுப்பித் துணித்தார். கிளர்ச்சி தணியவில்லை. ஜோவ் யாஃபூ என்ற தளபதி மூன்று மாதங்களில் அதை அடக்கினார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். கி.மு. 145இல் சிற்றரசர்கள் தம் நாட்டைத் தாமே ஆளலாகாது என்று விதிக்கப்பட்டது. அதிகாரிகளை நியமிப்பது தலைநகரின் வேலையாயிற்று.

அடுத்து வந்த வூ பேரரசரின் காலத்தில், கி.மு. 138இல், ஜோங்ஷான் அரசர் லியூ ஷெங் அரசவை விருந்தொன்றில் இசை கேட்டபோது அழுதுவிட்டார். ஏன் அழுகிறீர் என்று பேரரசர் கேட்டார். அதிகாரிகள் உரோமத்தை ஊதி விலக்கி அடியிலுள்ள வடுவைத் தேடுவதுபோல் எங்கள் குற்றங்களைத் தேடுகிறார்கள், எங்கள் பணியாளரைப் பிரம்பால் அடித்து எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள் என்று முறையிட்டார் லியூ ஷெங். இவர் சாதாரண ஆள் அல்லர். நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஆண்மக்களைப் பெற்றவர். 1968இல் மான்செங்கில் அவருடைய கல்லறை திறக்கப்பட்டபோது, பொன் இழையால் கோத்த பச்சைக்கல் உடை அவரைத் தலை முதல் கால் வரை மூடியிருந்தது. அப்படிப்பட்டவர் எழுத்தரின் பிரம்புக்கு அழுதார்! பேரரசர் மனமிரங்கி, உறவினர்மீது குற்றம் தேடுவதைத் தளர்த்தும்படி பணித்தார்.

அந்த இரக்கத்துக்குப் பதினொரு ஆண்டுகளின் பின், கி.மு. 127இல், அதைவிடப் பெரிய இரக்கம் ஒன்று வந்தது. அருளைப் பரப்பும் ஆணை என்பது அதன் பெயர். ஜூஃபூ யென் என்ற அவைப்புலவர் தந்த யோசனை அது. சிற்றரசர் ஒருவருக்குப் பத்து மக்கள் இருந்தாலும் மூத்தவருக்கே நாடு. மற்றவர்களுக்கு ஓர் அடி நிலமும் இல்லை. இது தந்தையன்புக்கு அடுக்குமா? ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் நாட்டைப் பங்கிட்டுக் கோமான்களாக்கத் தந்தையரை அனுமதிப்போம் என்றார் அவர். யார் மறுப்பார்? இளையவர்கள் பேரரசரை வாழ்த்தினார்கள். ஆனால் பிரிந்த ஒவ்வொரு சீமையும் சிற்றரசரின் நாட்டிலிருந்து கழன்று, பேரரசரின் மாவட்ட ஆளுநருக்குக் கீழே போயிற்று. அடுத்த தலைமுறையில் மிஞ்சியது சீமைகளின் குவியல். பெரிய நாடு என்று சொல்லத்தக்கதே பத்துப் பன்னிரண்டு நகர்களோடு நின்றது. ‘பலரை உண்டாக்கு, ஒவ்வொருவரின் வலுவையும் குறை’ என்ற கருத்தை ஜியா யி என்ற இளம் அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். ஜூஃபூ யென் அதற்குத் தந்தையன்பின் முகத்தைப் பூசினார். அவரும் நன்றாகச் சாகவில்லை. சில ஆண்டுகளிலேயே, சி நாட்டு அரசரின் தற்கொலைக்குக் காரணமானார் என்ற வழக்கில் குடும்பத்தோடு அழிக்கப்பட்டார்.

இந்த ஆணையை வரலாற்றாசிரியர் பலர் அரசியல் மதியூகத்தின் சிகரம் என்று போற்றுகிறார்கள். போற்றட்டும். அதில் கபடம் இருந்தாலும் பொய் இல்லை. இளைய மகனுக்குச் சீமை உண்மையாகவே கிடைத்தது. அழுத லியூ ஷெங்கின் மக்களில் பலர் அவ்வாறு கோமான்களானார்கள். லியூ பெய்யின் முன்னோரான லியூ ஜென் அவர்களில் ஒருவரே. தந்தை பெற்ற இரக்கத்தின் பலனாக மகனுக்குச் சீமை. மகனுக்கு அடுத்து நேர்ந்தது நமக்குத் தெரியும்.

கி.மு. 112இல் தெற்கே நான்யுவே நாட்டுடன் போர் மூண்டது. ஆடு மேய்த்துச் செல்வரான பூ ஷி அப்போது சி நாட்டின் முதலமைச்சர். தாமும் தம் மகனும் போருக்குச் செல்லத் தயார் என்று அவர் விண்ணப்பித்தார். பேரரசர் மகிழ்ந்து பட்டமும் பொன்னும் நிலமும் தந்து நாடெங்கும் பறைசாற்றினார். கோமான்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், எவரும் முன்வரவில்லை. போர்ச்சேவை செய்யாதார் கோமானாகக் கூடாது என்ற பழைய சத்தியம் நினைவுக்கு வந்திருக்கும். ஆனாலும் போருக்கு வராமை குற்றம் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த ஆண்டுப் படையலில் பொன் நிறுக்கப்பட்டது. 106 பேரின் பொன் குறைவென்று காணப்பட்டது.

எனக்கு உறுதியைத் தருவது இதையடுத்து வரும் சிறிய குறிப்பொன்று. முதலமைச்சர் ஜாவோ ஜோவ் அதே வழக்கில் சிறைப்பட்டுத் தற்கொலை செய்துகொண்டார். கோமான்களின் பொன் நிறை குறைவானது என்று தெரிந்தும் அறிவிக்கவில்லை என்பது அவர்மீதான குற்றம். அப்படியென்றால் நிறை குறைவது தெரிந்த விடயமாகவே இருந்திருக்கிறது. கொண்டுவருவோருக்குத் தெரியும், நிறுப்போருக்குத் தெரியும், முதலமைச்சருக்கும் தெரியும். நாளாவட்டத்தில் சட்டம் உறங்கியது. அது உறங்குகிறதென்று நம்பி எல்லோரும் அதைத் தாண்டி நடந்தார்கள். பேரரசருக்குத் தேவைப்பட்ட நாளில் அது எழுப்பப்பட்டது. உண்மையான குற்றமோ போருக்கு வராமை. தீர்ப்பில் எழுதப்பட்டது பொன்னின் நிறை.

கடுமையான சட்டத்தைவிட உறங்கும் சட்டமே கொடியது என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். கடுமையான சட்டம் நாள்தோறும் அமுலில் இருந்தால், மனிதர் அதைத் தெரிந்து ஒதுங்கி நடப்பர். தாங்க முடியாவிட்டால் முறையிடுவர். உறங்கும் சட்டம் அனைவரையும் மெல்ல மெல்லக் குற்றவாளியாக்கி வைத்துக்கொள்கிறது. யாரை, எந்த நாளில் என்பது மாத்திரம் மிச்சம். அகப்பட்டவர் நிரபராதி என்று வாதிடவும் முடியாது. பொன் குறைந்தது உண்மைதானே.

சீமா சியென் எழுதிய ஷி ஜி என்னும் பெருவரலாற்றில் அட்டவணைகள் சில உண்டு. வாசகர் பெரும்பாலும் அவற்றைப் புரட்டிவிட்டுப் போவர். நீதிமன்றச் செய்திகளில் ஆண்டுக்கணக்காகப் புழங்கியவன் என்பதால் நான் அவற்றில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு சீமைக்கும் ஒரு நிரை: யார் பெற்றார், எதற்காகப் பெற்றார், யாருக்குப் பின் யார், கடைசியில் என்ன குற்றம். முடிவு திரும்பத் திரும்ப ஒன்றே: ‘சீமை ஒழிக்கப்பட்டது.’ ஒரு கோமான் வாங்கிய கடனை ஆறு மாதம் கடந்தும் திருப்பவில்லை. ஒருவர் தம் சீமையின் எல்லையைத் தாண்டிப் போனார். ஒருவர் குடிகளிடம் சட்டம் அனுமதித்ததற்கு மேல் வேலை வாங்கினார். வூ பேரரசரின் மாமனாகவும் முதலமைச்சராகவும் இருந்த தியென் ஃபென்னின் மகன், வீட்டில் அணியும் குட்டை அங்கியோடு அரண்மனைக்குள் வந்தார், மரியாதைக்கேடு, சீமை ஒழிந்தது. கடன் கொடுத்தவரையும் குடியானவரையும் காக்கும் விதிகளை நான் கைதட்டி வரவேற்பேன். ஆனால் கடனும் அங்கியும் எல்லைக்கோடும் பொன்னும் ஒரே தண்டனையில் போய் முடியும்போது, அது நீதியின் பட்டியலாகத் தெரியவில்லை. லியூ பாங் பட்டம் கொடுத்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். நூறு ஆண்டு கழித்துச் சீமா சியென் எண்ணிப் பார்த்தபோது, அவர்களின் சீமைகளில் ஐந்தே எஞ்சியிருந்தன.

இப்போது ஜோவ் யாஃபூ. அவருடைய தந்தை ஜோவ் போவும் கோமான். வென் பேரரசரை அரியணையில் ஏற்றியவர்களில் முதல்வர். சீமைக்கு அனுப்பப்பட்டபின், மாவட்ட ஆளுநர் சுற்றுலா வரும்போதெல்லாம் கொல்ல வருகிறார்களோ என்று அஞ்சிக் கவசம் அணிந்து நின்றார். அதுவே இராசத்துரோக வழக்காயிற்று. பேச்சுவன்மை இல்லாத அவர் சிறைக் காவலருக்கு ஆயிரம் பொன் கொடுத்தார். காவலர் மரப்பலகையின் பின்புறத்தில் ஒரு குறிப்பை எழுதிக் காட்டினார்: இளவரசியைச் சாட்சியாக அழை. இளவரசி அவருடைய மருமகள். தப்பி வெளியே வந்தவர், பெரும் படைகளை நடத்தியிருந்தும் ஒரு சிறைக் காவலரின் மகிமை இன்றுவரை தெரியாமற் போயிற்றே என்றாராம்.

மகன் அவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்லர். ஏழு நாடுகளின் கிளர்ச்சியை அடக்கி வம்சத்தைக் காத்த ஜோவ் யாஃபூவின் முதுமையில், அவருடைய மகன் தந்தையின் அடக்கத்தின்போது கல்லறையில் வைப்பதற்காக அரச பட்டறையிலிருந்து ஐந்நூறு கவசங்களையும் கேடயங்களையும் வாங்கினார். சுமந்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. ஆத்திரமுற்ற கூலியாட்கள், அரச ஆயுதம் களவாய் வாங்கப்பட்டதென்று முறையிட்டார்கள். அவர்களின் குறை நியாயமானது. ஆனால் வழக்கு கூலியைப் பற்றியதாக நடக்கவில்லை. கிளர்ச்சி செய்ய எண்ணினீரா என்று நீதித்துறைத் தலைவர் கேட்க, அவை அடக்கத்துக்கான பொருட்கள், அதில் என்ன கிளர்ச்சி என்றார் கிழவர். நிலத்துக்கு மேலே இல்லாவிட்டாலும் நிலத்துக்குக் கீழே கிளர்ச்சி செய்ய எண்ணியிருப்பீர் என்று பதில் வந்தது. ஐந்து நாள் உணவருந்தாமல் இருந்து, இரத்தம் கக்கிச் செத்தார் ஜோவ் யாஃபூ. அது கி.மு. 143. சீமை ஒழிக்கப்பட்டது.

ஹான் ஆட்சிக்கு மாற்று வழி தெரியாமல் இருந்ததென்று சொல்லிவிட முடியாது. வென் பேரரசர் பாலமொன்றைக் கடக்கையில், கீழே ஒளிந்திருந்த ஒருவன் வெளிப்பட்டு ஓட, தேர்க்குதிரை மிரண்டது. நீதித்துறைத் தலைவர் ஜாங் ஷிஜி விசாரித்து அபராதம் விதித்தார். பேரரசர் சினந்தார்; என் குதிரை சாதுவாக இருந்திராவிட்டால் என் கதி என்ன என்று கேட்டார். சட்டம் மன்னருக்கும் மக்களுக்கும் பொதுவானது என்றும், இப்போது அதைக் கூட்டினால் மக்கள் அதை நம்ப மாட்டார்கள் என்றும், நீதித்துறைத் தலைவர் உலகத்தின் தராசு, அது ஒரு தடவை சாய்ந்தால் நாடெங்கும் சட்டம் சாயும் என்றும் பதிலளித்தார் ஜாங் ஷிஜி. பேரரசர் நெடுநேரம் சிந்தித்து, நீர் சொல்வதே சரி என்றார். பேரரசருக்கு எதிர்நின்று அப்படிப் பேசியவருக்குத் தலை தப்பியது என்பதை இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள்.

இரண்டு தலைமுறை கழிந்தபின் அதே பதவியில் டூ ஜோவ் இருந்தார். நீர் மூன்றடிச் சட்டத்தைப் பின்பற்றாமல் பேரரசரின் விருப்பத்தைப் பார்த்தே தீர்ப்பளிக்கிறீரே என்று ஒருவர் கேட்டார். (சட்டங்கள் மூன்றடி நீள மூங்கிற் சுவடிகளில் எழுதப்பட்டன.) அந்த மூன்றடி எங்கிருந்து வந்தது, முன்னைய மன்னர் சரியென்றது சட்டமாயிற்று, இப்போதைய மன்னர் சரியென்பது ஆணையாகிறது, இந்த நேரத்துக்கு எது ஏற்றதோ அதுவே சரி என்றார் டூ ஜோவ். ஒளிவுமறைவில்லாத மனிதர், அந்த மட்டில் பாராட்டலாம்.

ஒரு பகுதியாருக்கு எதிராகச் சட்டத்தை இப்படிக் கையாளப் பழகினால், அது அவர்களோடு நிற்குமா என்பதே என் கவலை. ஹான் நாட்டில் நிற்கவில்லை. கி.மு. 119இல் வூ பேரரசர் வெண்மான் தோலில் ஒரு வகைப் பணம் செய்தார். ஓர் அடிச் சதுரத் துண்டு 400,000 காசு. அரசவைக்கு வரும் சிற்றரசரும் கோமான்களும் பச்சைக்கல் காணிக்கையை அத்தோலின்மேல் வைத்தே தர வேண்டும். சில ஆயிரம் காசு பெறும் கல்லுக்கு நான்கு இலட்சம் காசுத் தோலா என்று நிதிக்குப் பொறுப்பான அமைச்சர் யென் யி மறுத்துரைத்தார். பேரரசர் அதை ரசிக்கவில்லை. பின்னொரு நாள் விருந்தினர் ஒருவர் யென் யியிடம் புதிய ஆணையொன்றின் இடர்ப்பாட்டைச் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசவில்லை. உதடு சற்றே அசைந்தது. வாயால் சொல்லாமல் வயிற்றுக்குள் நிந்தித்தார் என்று ஜாங் டாங் வழக்குத் தொடுத்தார். கி.மு. 117இல் யென் யி கொல்லப்பட்டார். அதன்பின் வயிற்று நிந்தனை முன்னுதாரணமாயிற்று என்றும், அமைச்சர்கள் முகத்துதியில் இறங்கினார்கள் என்றும் சீமா சியென் எழுதுகிறார். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இந்த இடத்தைச் சாவதானமாக வாசிக்க முடிவதில்லை.

சீமா சியென் எட்ட நின்று பார்த்தவரும் அல்லர். பகைவரிடம் சிக்கிய தளபதி லீ லிங்குக்காக அரசவையில் சில வார்த்தை பேசியதற்காக அவர்மீது பேரரசரை ஏமாற்ற முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. பணம் கட்டித் தண்டனையிலிருந்து மீளச் சட்டத்தில் வழி இருந்தது. அவருடைய குடும்பத்திடம் பணம் இருக்கவில்லை. காயடிக்கப்பட்டு வெளியே வந்து, எஞ்சிய வரலாற்றை எழுதினார். ‘சீமை ஒழிக்கப்பட்டது’ என்ற அந்த நிரைகளை வரைந்த கை அது.

போரைவிடச் சட்டம் மேலல்லவா, கி.மு. 154இல் ஓடிய இரத்தம் கி.மு. 112இல் ஓடவில்லையே என்று நண்பரொருவர் என்னிடம் வாதிட்டார். ஒப்புக்கொள்கிறேன். 106 கோமான்கள் பட்டமிழந்ததால் எந்த வயலும் எரியவில்லை. சீமைகள் மாவட்டங்களாயின, அதனால் குடியானவனுக்குத் தீங்கு வந்ததென்று நான் சொல்லவில்லை. அந்த விளைவைப் பெற நேரான பாதையும் இருந்தது: பரம்பரைச் சீமை இனி இல்லை என்று லீ சியைப் போல் வெளிப்படையாகச் சட்டம் செய்திருக்கலாம். வூ பேரரசர் அதைச் செய்யவில்லை. பட்டங்களை ஒழிப்பதில் அவருக்கு நாட்டமும் இருக்கவில்லை. 106 பேரிடமிருந்து பறித்த பின்னரும் தம் தளபதிகளுக்குப் புதிய பட்டங்களைத் தந்துகொண்டே இருந்தார். கோமான்கள் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு தடவை தட்டின்முன் நடுங்கிக்கொண்டு நிற்கவும் வேண்டும்.

2011இல் ஜியாங்சி மாகாணத்து நான்சாங் நகருக்கு அருகே புதையல் திருடர்கள் தோண்டிய குழியொன்றைப் பற்றி ஊரவர் முறையிட்டதால் ஒரு கல்லறை வெளிச்சத்துக்கு வந்தது. ஹைஹுன் சீமைக் கோமான் லியூ ஹே அங்கே அடக்கப்பட்டிருந்தார். அவர் வூ பேரரசரின் பேரன். கி.மு. 74இல் 27 நாட்கள் பேரரசராக இருந்து, 1,127 முறைகேடுகள் செய்தார் என்ற குற்றப்பத்திரத்தோடு இறக்கப்பட்டவர். நாளொன்றுக்கு நாற்பதுக்கு மேல். எண்ணியவரின் உழைப்பும் குறைந்ததன்று. கி.மு. 63இல் புதிய பேரரசர் அவரைக் கோமானாக்கித் தெற்கே அனுப்பினார். கூடவே, முன்னோர் கோயிலின் படையலில் அவர் கலந்துகொள்ளத் தகாதவர் என்று ஓர் அதிகாரி விண்ணப்பிக்க, அதுவும் ஏற்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் அவர் இறந்தார்.

கல்லறையில் கிடைத்த பொன் வில்லைகள் சிலவற்றில் மையெழுத்து அழியாமல் இருந்தது. அவர் பெயரும், கோமானான அதே ஆண்டும், காணிக்கைப் பொன் ஒரு ஜின் என்ற அளவும் அதில் உள்ளன. ஒரு ஜின் என்பது ஏறக்குறைய 250 கிராம். வில்லைகளும் ஏறக்குறைய அந்த நிறையே இருக்கின்றன.